சாதியைக் 'கட்டுப்படுத்தி'விட்டுப் பார்க்கிறார்களாம்!

சுகாதாரப் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால் எனக்கு இரண்டு இடங்களில் முகச்சுளிப்பு கிடைக்கும். பல்கலைக்கழகத்தில், "பொருளாதாரம் சரி, அதில் சாதி எதற்கு? அது சமூகவியல் துறைக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்பார்கள். இயக்கத் தோழர்களிடம் சொன்னாலோ, "உயிருக்கு விலை வைக்கிற படிப்பாச்சே தோழர், அது உலக வங்கிக்காரன் சமாச்சாரம்" என்பார்கள். இந்தக் கட்டுரையில் இரண்டு தரப்போடும் சண்டை போடப்போகிறேன். முதல் தரப்போடு கொஞ்சம் கூடுதலாக.

ஆய்வு முன்மொழிவை நான் துறையில் வாசித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பேசி முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "வருமானம், கல்வி, வசிப்பிடம் மூன்றையும் மாதிரியில் சேர்த்துவிட்டால் சாதி தானாகவே அதற்குள் வந்துவிடுமே? தனியாக எதற்கு? வேண்டுமானால் சாதியைக் கண்ட்ரோல் பண்ணிவிடுங்கள்." அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. புத்தர் காலம் முதல் பெரியார் காலம் வரை எத்தனையோ பேர் மல்லுக்கட்டியும் கட்டுக்குள் வராத ஒன்றை, கணினியில் ஒரு வரியைத் தட்டிக் கட்டுப்படுத்திவிடலாமாம்!

பொருளாதாரத்தில் 'கட்டுப்படுத்துதல்' என்றால் என்ன என்று புதிதாகப் படிக்கிற தோழர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்விக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாதிக்குள், ஒரே வருமானத்துக்குள் இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டால் கல்வியின் விளைவு தனியாகத் தெரியும். அதற்காகச் சாதியை ஒரு பக்கமாக நிறுத்திவைப்பார்கள். எஸ்சி என்றால் 1, இல்லையென்றால் 0. அட்டவணையின் அடியில், 'சாதி, மதம் கட்டுப்படுத்தப்பட்டது' என்று சிறிய எழுத்தில் ஒரு வரி வரும். எதை ஆராய்ந்திருக்க வேண்டுமோ அது அடிக்குறிப்புக்குப் போய்விடும்.

சரி, பேராசிரியர் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். வருமானத்துக்குள் சாதி அடங்கிவிடுகிறதா? இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, ஆஷிஷ் குப்தா மூவரும் 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஒடிசா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தரவு. ஆதிக்க சாதி இந்துக்களோடு ஒப்பிட்டால் ஆதிவாசிகளின் ஆயுட்காலம் 4 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. தலித்துகளின் ஆயுட்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு. இஸ்லாமியர்களுடையது ஏறத்தாழ ஓராண்டு குறைவு. அடுத்துத்தான் அவர்கள் முக்கியமான கேள்வியைக் கேட்கிறார்கள்: பொருளாதார நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் இந்த இடைவெளி எவ்வளவு மறைகிறது? பாதிகூட மறையவில்லை.

அதாவது, ஒரு தலித் குடும்பத்துக்கு அண்டைத் தெருக்காரர் வைத்திருக்கும் சொத்தையெல்லாம் கொடுத்தாலும், அவர்கள் அண்டைத் தெருக்காரர் அளவுக்கு வாழப்போவதில்லை. மிச்சமிருக்கிற அந்தப் பாதிக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பெயர் என்ன? எங்கள் துறையில் அதை 'விளக்கப்படாத பகுதி' என்பார்கள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் விளக்குவார்கள்.

இடையில் ஒன்று. நம் மேடைகளில், 'தலித் பெண்கள் ஆதிக்க சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள்' என்ற புள்ளிவிவரம் அடிக்கடி வரும். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கையில் இருப்பதுதான். ஆனால் அது இறந்தவர்களின் சராசரி வயது; ஆயுட்காலம் என்பது வேறு கணக்கு. இளையவர்கள் அதிகமாக இருக்கும் சமூகத்தில் இறந்தவர்களின் சராசரி வயது எப்படியும் குறைவாகத்தான் வரும். இதைச் சொன்னதற்கு ஒரு தோழர் என்மீது கோபப்பட்டார். உண்மையான இடைவெளியே போதுமான அளவு கொடூரமாக இருக்கும்போது, எதிரி எளிதாக உடைக்கக்கூடிய எண்ணை நாம் ஏன் கையில் வைத்திருக்க வேண்டும்?

இப்போது கள அனுபவம். வட மாவட்டம் ஒன்றில் ஒரு கிராமம். ஊருக்குள் துணை சுகாதார நிலையம் இருக்கிறது. காலனியிலிருந்து அங்கே போக ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. என் தரவுத் தாளில் அந்தக் குடும்பங்களுக்கு 'மருத்துவ வசதி உண்டு, தூரம் 1 கி.மீ.க்குள்' என்றுதான் பதிவாகும். இந்திய அளவில் பார்த்தால் பொறாமைப்படத்தக்க எண். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டர் ஊர்த்தெரு வழியாகப் போகிறது. சர்க்கரை மாத்திரை வாங்க ஏன் அங்கே போவதில்லை என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "அந்தத் தெருவுல நடந்தா நாலு பேரு நாலு சொல்லு சொல்லுவான் பாப்பா. அந்த நர்சம்மாவும் மாத்திரைய மேசமேல வச்சிட்டு எடுத்துக்கோன்னு சொல்லும். கையில குடுக்காது. அதுக்கு டவுனுக்கே போயிடலாம்" என்றார். டவுனுக்குப் போனீர்களா என்று கேட்டேன். "பஸ்ஸு, சாப்பாடு, ஒரு நாள் கூலின்னு பாத்தா எங்க போறது? ரெண்டு மாசமா மாத்திர போடல."

இது ஒரு பாட்டியின் மனத்தாங்கல் மட்டும் என்று யாராவது சொன்னால், சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் செய்த ஆய்வைப் படிக்கட்டும். தொடாமல் பரிசோதிப்பது, மருந்தைக் கையில் கொடுக்காமல் இருப்பது, பேசும் நேரத்தைச் சுருக்குவது, வீட்டுக்குள் வர மறுப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். அளக்க முடியாது என்று எங்கள் துறை சொல்லிக்கொண்டிருந்ததை அவர் அளந்து காட்டி ஆண்டுகள் பல ஆகின்றன.

அந்தப் பாட்டி பொருளாதாரக் கணக்கில் எப்படித் தெரிவார் என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இந்தியாவில் மக்கள் சொந்தப் பையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவின் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. ஒன்றிய அரசு இதைப் பெரிய சாதனையாகக் காட்டுகிறது. ஆனால் சொந்தச் செலவு குறைவதற்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. அரசு செலவழித்தால் மக்களின் செலவு குறையும். மக்கள் மருத்துவமனைக்கே போகாவிட்டாலும் குறையும். மாத்திரை போடாத அந்தப் பாட்டியின் மருத்துவச் செலவு பூஜ்யம். ஒரு குடும்பம் தன் மொத்தச் செலவில் பத்து சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவழித்தால் அதை 'பேரிடர் செலவு' என்று எங்கள் துறையில் குறிப்போம். அந்த அளவுகோலின்படி அவர் பேரிடரில் சிக்கவில்லை. அவர் நிதிப் பாதுகாப்புப் பெற்றவர்! காலில் புண் வந்து விரலை எடுக்கும் நாளில்தான் அவர் எங்கள் கணக்குக்குள் வருவார்.

மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகப் போய்ச் சேர்கிறது என்று வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார். சந்தையின் கை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு இது மோசமாகும் என்றும் சொன்னார். அவர் வர்க்கத்தைப் பார்த்தார். நம் ஊரில் சந்தை வருவதற்கு முன்பே தெரு இருக்கிறது.

அரசு மருத்துவமனை இலவசம்தானே என்கிறார்கள். 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றைப் பாருங்கள். பிரசவம் தவிர்த்து, அரசு மருத்துவமனையில் ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு இந்திய அளவில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 205 ரூபாய். அகில இந்தியச் சராசரியைத் தமிழ்நாட்டுக் கூலியோடு வைத்துப் பார்ப்பது முழுக்கச் சரியான ஒப்பீடு இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் செலவு இதைவிடக் குறைவுதான். இருந்தாலும் பரிமாணம் தெரியட்டும். நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்தால் 20,500 ரூபாய். தனியார் மருத்துவமனைக்கு ஒருமுறை போய் வர அது போதாது. அரசு மருத்துவமனை என்றால் 22 நாள் கூலி. இதில் துணைக்கு இருப்பவரின் கூலி இழப்பு இல்லை.

அடுத்து, உயிருக்கு விலை வைக்கிற விவகாரத்துக்கு வருகிறேன். தோழர்கள் கோபப்படுவது நியாயமான இடம் இது. ஆனால் எதற்குக் கோபப்பட வேண்டும் என்பதில்தான் எனக்கு வேறுபாடு. 'மனித மூலதன முறை' என்று ஒன்று உண்டு. ஒருவர் இறந்தால் சமூகத்துக்கு எவ்வளவு இழப்பு? அவர் இன்னும் எத்தனை ஆண்டு உழைத்திருப்பார், ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதித்திருப்பார், இரண்டையும் பெருக்கு. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் முப்பது வயதுத் தூய்மைப் பணியாளர் இன்னும் முப்பது ஆண்டுகள் உழைப்பார் என்றால் அவர் உயிர் 43 லட்சத்து 20 ஆயிரம். மாதம் 1 லட்சம் வாங்கும் அதே வயது மென்பொறியாளர் 3 கோடியே 60 லட்சம். இதே தர்க்கத்தின் உச்சத்தை 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர் லாரன்ஸ் சம்மர்ஸ் பெயரில் வெளிவந்த உள்குறிப்பில் பார்க்கலாம். நோயினாலும் சாவினாலும் இழக்கப்படும் வருமானம் எங்கே குறைவோ அங்கே நச்சுக் கழிவைக் கொட்டுவதே பொருளாதார ரீதியில் சரி என்று அது வாதிட்டது. பிறகு, அது கிண்டலாக எழுதப்பட்டது என்று விளக்கம் சொன்னார்கள்.

நம் நகரங்களில் அந்தக் குறிப்பு கிண்டல் இல்லாமலே நடைமுறையில் இருக்கிறது. நச்சுவாயு யார் நுரையீரலுக்குள் போக வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்கிறது. அந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்பதையும் சாதியே முடிவு செய்கிறது. அந்தக் கூலியை எடுத்து ஆண்டுகளால் பெருக்கி, 'இதுதான் உன் உயிரின் மதிப்பு' என்று பொருளாதாரம் சொல்லும்போது, அது எதையும் புதிதாக அளக்கவில்லை. சாதி போட்ட விலைச்சீட்டைப் பார்த்து எழுதுகிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். அவர் பொருளாதாரத்தில் இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர் என்பதை எங்கள் துறைப் பாடத்திட்டம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

1993 முதல் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. வரவேற்கிறேன். ஆனால் சாவுக்குப் பிறகு கொடுக்கும் பணத்தைவிட, சாவைத் தடுக்கும் இயந்திரமும் நிரந்தரப் பணியும் செலவு கூடியதாக இருக்கும்வரை உள்ளாட்சியின் வரவுசெலவுக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதற்குப் பொருளாதாரம் படிக்கத் தேவையில்லை.

என் அம்மாவின் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியவில்லை. அம்மா ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்தார். ஒருநாள் குப்பைப் பையைக் கட்டும்போது, யாரோ பிரித்துப் போடாமல் விட்ட ஊசி விரலில் ஏறிவிட்டது. யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியாது. ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர், "சோப்பு போட்டுக் கழுவிட்டு வேலையப் பாரு, வெளிய சொல்லாத" என்றிருக்கிறார். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அம்மா என்னிடம் சொன்னது மூன்றாம் நாள் இரவு. அவர் வேலை செய்யும் அதே மருத்துவமனைக்கு, அவர் தினமும் துடைக்கும் அதே வராண்டாவில், இரவோடு இரவாக ஓடினோம். நேரத்துக்குள் மருந்து தொடங்கியாகிவிட்டது. பிறகு பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. மருந்தின் மயக்கத்தால் போகாத நாட்களுக்குச் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள்.

தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்டதால் செலவு மிச்சம் என்று கோப்புகளில் எழுதுவார்கள். ஒருவர் செய்யும் காரியத்தின் செலவை அதில் சம்பந்தமில்லாத இன்னொருவர் சுமப்பதை எங்கள் துறையில் 'புறவிளைவு' என்பார்கள். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதுதான் பாடப்புத்தக உதாரணம். கையுறைக்கும் பயிற்சிக்கும் நிரந்தர ஊதியத்துக்கும் போக வேண்டிய பணம் மிச்சமாகி, அம்மாவின் விரலில் போய் ஏறியதும் புறவிளைவுதான். செலவு எங்கேயும் மறைந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்களே, அவர்கள் பேசியதும் இதே கணக்கைத்தான். அவர்களைவிடத் தெளிவாக எந்த ஆய்வேடும் அதைப் பேசிவிடவில்லை.

இங்கே 'தமிழ்நாடு மற்ற மாநிலம்போல இல்லை' என்று ஒரு குரல் எழும். உண்மைதான். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றின. 69 சதவீத இடஒதுக்கீடும், அரசு மருத்துவர்களுக்கான முதுநிலை ஒதுக்கீடும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மருத்துவர்களைக் கொடுத்தன. இடஒதுக்கீட்டை 'தகுதி' விவாதமாக மட்டும் பார்ப்பவர்கள், அது இந்தியாவிலேயே வெற்றிகரமான சுகாதாரக் கொள்கைகளில் ஒன்று என்பதைக் கவனிப்பதில்லை. நீட் அந்த இடத்தில்தான் கை வைத்தது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெருமையைக் காட்டி, 'ஆகவே இங்கே சாதியைப் பற்றிக் கேட்காதே' என்று வாயை அடைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது பெயரும் நிறுவனமும் மாறித் தொடர்ந்தது. பெரிய அறுவை சிகிச்சைக்கு அது பலருக்கு உதவியிருக்கிறது. அதில் எஸ்சி, எஸ்டி குடும்பங்களின் பங்கு என்ன, அவர்கள் எந்த மருத்துவமனைக்குப் போனார்கள், எத்தனை பேர் அட்டை இருந்தும் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதெல்லாம் சாதிவாரியாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். இறப்பு விகிதத்தைச் சொல்லும் எஸ்ஆர்எஸ் அறிக்கைகள் ஊரகம்-நகரம், ஆண்-பெண் என்று பிரித்துத் தருகின்றன, சாதிவாரியாகத் தருவதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. தலைகளை எண்ணிவிட்டு, எந்தத் தலை எந்த வயதில் சாய்கிறது என்பதை எண்ணாமல் விட்டால் பாதிக் கணக்குதான்.

இப்போது தோழர்களோடு. இந்தப் படிப்பை உலக வங்கிக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். மருத்துவத்தைச் சந்தையிடம் விடமுடியாது என்பதற்கு வலுவான வாதத்தை 1963இல் எழுதியவர் கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர். நோய் எப்போது வரும் என்று தெரியாத, மருத்துவர் சொல்வதைச் சரிபார்க்க முடியாத ஒருவரை 'நுகர்வோர்' என்று அழைப்பதே தவறு என்பது அதிலிருந்து கிடைக்கிற பாடம். கட்டணம் வைத்தால் தேவையற்ற மருத்துவம் குறையும் என்றார்கள். அமெரிக்காவில் 1970களில் ராண்ட் நிறுவனம் நடத்திய பரிசோதனையில் தேவையான மருத்துவமும் சேர்ந்தே குறைந்தது. அரசு மருத்துவமனையில் கட்டணம் வைக்க யாராவது கிளம்பினால் நாம் நீட்ட வேண்டிய தாள்கள் இவை. வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையை அம்பேத்கர் வைத்திருந்த காலத்தில்தான் அடார்கர் தயாரித்த திட்டம் வந்தது; 1948இன் இஎஸ்ஐ சட்டத்துக்கு அதுவே அடித்தளம். யார் எவ்வளவு சந்தா கட்டுவது, எந்த நோய்க்கு எத்தனை நாள் சம்பளம் என்று உட்கார்ந்து போட்ட கணக்கு அது. முழக்கமும் வேண்டும், கணக்கும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் மறுபடியும் அந்தக் கிராமத்துக்குப் போகிறேன். என் கேள்விப் படிவத்தில், 'மாத்திரையைக் கையில் கொடுத்தார்களா, மேசையில் வைத்தார்களா?' என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறேன். இது அளவிடத்தக்க மாறி இல்லை, நீக்கிவிடலாமே என்று துறையில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். கையில் என்றால் 1, மேசையில் என்றால் 0 என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.